கையும் வாலும்: எதிர்ப்பொருள்களின் ஐந்து வகைகள்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் 'ஆன்டிபாடி' என்ற சொல் வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்ட பலர் தங்கள் உடலில் எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். எண் கூடியிருந்தால் மகிழ்ந்தார்கள், சில மாதங்களில் அது இறங்கியதும் பாதுகாப்பே போய்விட்டதாகக் கலங்கினார்கள். டெங்குச் சோதனை அறிக்கையில் ஐஜிஎம், ஐஜிஜி என்று இரண்டு வரிகள் இருப்பதைப் பார்த்து, இவற்றில் எது இருந்தால் நல்லது, எது இருந்தால் ஆபத்து என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆன்டிபாடி எப்படி வேலை செய்கிறது, ஏன் ஐந்து வகைகளாக இருக்கிறது என்பது புரியாத வரை, எந்தப் பதிலும் மனப்பாடம் செய்த வரியாகவே நிற்கும். அந்த அடிப்படையைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூன்று குழப்பங்கள்

ஆன்டிபாடியும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றல்ல. ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லவோ அதன் பெருக்கத்தைத் தடுக்கவோ நாம் உட்கொள்ளும் மருந்து. ஆன்டிபாடி என்பது நம் உடலே தயாரிக்கும் ஒரு புரதம். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க, இனி அதை எதிர்ப்பொருள் என்றே குறிப்பிடுகிறேன்.

இரண்டாவதாக, எதிர்ப்பொருளே முழு நோயெதிர்ப்பாற்றல் ஆகிவிடாது. கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் விழுங்கு செல்கள், வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அழிக்கும் டி செல்கள் எனப் பல பிரிவுகள் சேர்ந்ததே நோயெதிர்ப்பு மண்டலம். எதிர்ப்பொருள் அதில் ஒரு பகுதி.

மூன்றாவது குழப்பமே எல்லாவற்றிலும் பெரியது. எதிர்ப்பொருளைப் போர்வீரனாகவும் கிருமியை அது வெட்டிச் சாய்ப்பதாகவும் வரைந்த படங்களைப் பார்த்திருப்போம். எதிர்ப்பொருளிடம் ஆயுதம் எதுவும் கிடையாது. அது கிருமியைப் பற்றிக்கொள்கிறது. சில வேளைகளில் அப்படிப் பற்றுவதாலேயே கிருமி செயலிழக்கிறது, மற்ற வேளைகளில் அழிக்கும் வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். அந்த 'வேறு யாரோ' யார் என்பதைத் தீர்மானிப்பதுதான் எதிர்ப்பொருளின் வகை.

நூலும் சீட்டும்

பயணப் பெட்டியில் கட்டும் அடையாளச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் நூல் இருக்கிறது; அது பெட்டியின் கைப்பிடியில் முடிச்சாக விழுகிறது. மறுமுனையில் அட்டை இருக்கிறது. சுமை தூக்குபவர் படிப்பது அந்த அட்டையைத்தான். நூல் எந்தப் பெட்டியில் கட்டப்பட்டிருக்கிறது என்பது ஒரு செய்தி, அந்தப் பெட்டியை என்ன செய்ய வேண்டும் என்று அட்டை சொல்வது இன்னொரு செய்தி. ஒரே பெட்டியில் வேறொரு நிற அட்டையைக் கட்டினால், அதே பெட்டி வேறோர் இடத்துக்கு, வேறோர் ஆளின் கைக்குப் போய்ச் சேரும்.

எதிர்ப்பொருளும் இப்படி இரு முனைகள் கொண்டது. அதன் உருவம், கையிரண்டையும் மேலே விரித்துக் காலைச் சேர்த்து நிற்கும் மனிதனைப் போன்றது. நீளமான இரண்டு புரதச் சங்கிலிகளும் குட்டையான இரண்டு சங்கிலிகளும் பிணைந்து இந்த வடிவத்தை உண்டாக்குகின்றன. இந்தக் கட்டமைப்பைப் பிரித்தறிந்தவர்கள் அமெரிக்கரான ஜெரால்ட் எடல்மனும் ஆங்கிலேயரான ராட்னி போர்ட்டரும். அதற்காக 1972இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

விரித்த கைகளின் நுனி, கிருமியின் மேற்பரப்பில் உள்ள ஏதேனும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பற்றும். இவ்வாறு பற்றப்படும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். ஒரு கிருமியில் பல ஆன்டிஜென்கள் இருக்கலாம். கிருமியே அல்லாத மகரந்தத் துகளிலும் பாம்பின் நஞ்சிலும்கூட அவை உண்டு. கைநுனியின் வடிவம் எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள் மாறும். கீழே உள்ள தண்டுப் பகுதியை, அதாவது வாலை, நோயெதிர்ப்பு மண்டலத்தின் மற்ற உறுப்பினர்கள் படிக்கிறார்கள். வாலில் ஐந்து அடிப்படை வடிவங்களே உண்டு. எதிர்ப்பொருளில் ஐந்து வகை என்று சொல்லும்போது நாம் எண்ணுவது இந்த வால்களைத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கை எதைப் பற்றுவது என்பதை முடிவு செய்கிறது; வால் பற்றியபின் நடக்க வேண்டியதை முடிவு செய்கிறது.

காணாத கிருமிக்கும் கை எப்படிக் கிடைக்கிறது?

இங்கே சற்று நின்று ஒரு புதிரைப் பார்ப்பது தகும், ஏனென்றால் உயிரியலில் இதைவிட அழகான விடை கொண்ட புதிர்கள் குறைவு. உலகில் உள்ள கிருமிகளுக்குக் கணக்கில்லை. புதிதாக ஒரு வைரஸ் தோன்றினாலும் அதைப் பற்றும் கை நம்மிடம் இருந்துவிடுகிறது. ஆனால் மனித உடலில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. ஒவ்வொரு கைக்கும் ஒரு மரபணு என்றால் எப்படிப் போதும்?

கையைத் தயாரிக்கும் குறிப்பு ஒரே மரபணுவாக இல்லை. துண்டு துண்டாகக் கிடக்கிறது. மூன்று சீட்டுக்கட்டுகளை எதிரில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டை உருவி வரிசையாக ஒட்டுவது போல, நீண்ட சங்கிலிக்கான மரபணு உருவாகிறது. மனிதரில் அந்தக் கட்டுகளில் பயன்படத்தக்க துண்டுகள் முறையே சுமார் 40, 23, 6. பெருக்கினால் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. குட்டைச் சங்கிலியும் இதே போல இரண்டு கட்டுகளிலிருந்து உருவாவதால், இரண்டையும் இணைத்தால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கைகள் கிடைக்கின்றன. போதாதற்கு, ஒட்டும் இடங்களில் சில எழுத்துகள் தற்செயலாகக் கூடியும் குறைந்தும் போவதால் எண்ணிக்கை பன்மடங்காகிறது. இந்தக் கலைத்து அடுக்கும் முறையைக் கண்டறிந்த ஜப்பானியர் சுசுமு டோனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் குலுக்கல் நடப்பது எலும்பு மஜ்ஜையில், பி செல் என்ற வெள்ளை அணுவுக்குள். ஒரு பி செல்லுக்கு ஒரே வகைக் கைதான். அதைத் தன் மேற்பரப்பில் நீட்டியபடி அது உடலில் சுற்றி வருகிறது. ஏதோ ஒரு நாள் அந்தக் கைக்குப் பொருந்தும் ஆன்டிஜென் எதிர்ப்பட்டால், அந்தச் செல் பெருகத் தொடங்குகிறது; பெரும்பாலும் டி செல்களின் உதவியும் இதற்குத் தேவைப்படும். அதன் வழித்தோன்றல்களில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாகி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். இன்னொரு பகுதி நினைவுச் செல்களாகி, எதையும் சுரக்காமல் காத்திருக்கும். ஆகவே உடல் கிருமியைப் பார்த்துக் கையைச் செதுக்குவதில்லை. முன்பே இருக்கும் கோடிக்கணக்கான கைகளிலிருந்து பொருந்துவதைத் தேர்ந்து பெருக்குகிறது, பிறகு அதன் பிடியை நாளடைவில் கூர்மையாக்குகிறது. பெரும்பாலான எளிய விளக்கங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லிவிடுகின்றன.

பற்றிய பின் நடப்பவை

முதல் வழி தடுப்பது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் முள்ளின் மேல் எதிர்ப்பொருள் உட்கார்ந்துகொண்டால், வைரஸால் நுழைய முடியாது. நச்சுப் பொருளையும் இதே போல் மறித்துவிடலாம். 1890இல் பெர்லினில் எமில் வான் பெரிங்கும் ஷிபாசபுரோ கிடாசாட்டோவும், நோய்க்கு ஆட்படுத்திய விலங்கின் குருதிநீரை, அதாவது இரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீர்ப்பகுதியை, வேறு விலங்குக்குச் செலுத்தி, டெட்டனஸ் நச்சிலிருந்து அதைக் காப்பாற்றிக் காட்டினார்கள். எதிர்ப்பொருளின் கட்டமைப்பு என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே அதன் வேலை நிரூபிக்கப்பட்டுவிட்டது. பாம்புக்கடிக்கு இன்றும் தரப்படும் நச்சுமுறி மருந்து இந்த வழியில் வந்ததுதான்.

இரண்டாவது வழி காட்டிக்கொடுப்பது. விழுங்கு செல்லின் மேற்பரப்பில் வாலைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. எதிர்ப்பொருள் பூசிய கிருமியை அது எளிதாகப் பிடித்து விழுங்குகிறது. மூன்றாவது, நிரப்புப் புரதங்களைத் தூண்டுவது. இவை இரத்தத்தில் செயலற்று மிதக்கும் புரதங்கள். பற்றிக்கொண்ட வாலைக் கண்டதும் ஒன்றையொன்று தூண்டி, கிருமியின் சவ்வில் துளையிடுகின்றன. எல்லா வாலும் இந்த எல்லா வேலைகளையும் செய்வதில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், ஐந்து வகைகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

ஐஜிஎம்: முதலில் வருவது

ஐஜி என்பது இம்யூனோகுளோபுலின் என்பதன் சுருக்கம். எதிர்ப்பொருளின் வேதிப் பெயர் அது. அதன் பின் வரும் எழுத்து வாலின் வகை.

புதிய கிருமி ஒன்று நுழைந்தால் முதலில் சுரப்பது ஐஜிஎம். தொடக்கத்தில் கிடைக்கும் கைகள் பிடி கூர்மையாகாதவை. ஒவ்வொன்றும் தனியாகப் பிடித்தால் நழுவிவிடும். ஐஜிஎம் இதை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. ஐந்து எதிர்ப்பொருள்கள் வால்கள் உள்நோக்கிக் கூடி, பத்துக் கைநுனிகள் வெளிநோக்கி நிற்கும் பூவைப் போல அது அமைகிறது. ஒரு விரலால் தூக்க முடியாத வழுக்கும் பந்தைப் பத்து விரல்களால் தூக்கிவிடுகிறோம் அல்லவா, அதே கணக்கு. நிரப்புப் புரதங்களைத் தூண்டுவதிலும் ஐஜிஎம் மிகத் திறமையானது. உருவம் பெரிது என்பதால் அது பெரும்பாலும் இரத்தத்துக்குள்ளேயே தங்கிவிடும்; திசுக்களுக்குள் எளிதில் கசியாது. இரத்தத்தில் அதன் பாதி, சுமார் ஐந்து நாள்களில் மறைந்துவிடும்.

வாலை மாற்றும் செல்

தொற்று தொடரும்போது, ஐஜிஎம் சுரந்த அதே பி செல் வழித்தோன்றல்கள் தங்கள் மரபணுவில் வாலுக்கான பகுதியை வெட்டி மாற்றிக்கொள்கின்றன. கை அப்படியே இருக்கும். வால் மட்டும் ஜி, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாகும். இதற்கு வகை மாற்றம் என்று பெயர். எந்த வாலுக்கு மாறுவது என்பதை, தொற்று நடக்கும் இடமும் டி செல்கள் அனுப்பும் வேதிச் செய்திகளும் தீர்மானிக்கின்றன. பெட்டியில் கட்டிய நூலை அவிழ்க்காமலே அட்டையை மட்டும் மாற்றுவது போன்றது இது.

ஐஜிஜி: நீடித்து நிற்பது

இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஐஜிஜி. இரண்டே கைகள் கொண்ட சிறிய உருவம். திசுக்களுக்குள் எளிதில் புகும். தடுப்பது, காட்டிக்கொடுப்பது, நிரப்புப் புரதங்களைத் தூண்டுவது என மேலே சொன்ன எல்லா வழிகளும் அதற்குத் தெரியும். அதன் பெரும்பகுதிக்கு அரை ஆயுள் சுமார் மூன்று வாரம், அதாவது இருப்பதில் பாதி மறைய அவ்வளவு காலம் ஆகும். இரத்தத்தில் மிதக்கும் மற்றப் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செல்கள் உறிஞ்சிச் சிதைக்கும்போது, ஐஜிஜியின் வாலை ஒரு தனி ஏற்பி பிடித்துக் காப்பாற்றி மீண்டும் இரத்தத்தில் விட்டுவிடுவதே இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

அதே ஏற்பிதான் நஞ்சுக்கொடி வழியாக ஐஜிஜியைத் தாயிடமிருந்து கருவுக்குக் கடத்துகிறது. ஐந்து வகைகளில் இந்தப் பயணம் ஐஜிஜிக்கு மட்டுமே வாய்த்தது. கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் கடத்தல் மிகுதி என்பதால், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இந்தக் கொடை குறைவாகவே கிடைக்கிறது.

கொடையே கேடாக முடிவதும் உண்டு. ஆர்எச் என்பது சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம்; அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். ஆர்எச் நெகட்டிவ் தாயின் வயிற்றில் ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்து, பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அவற்றுக்கு எதிராக ஐஜிஜி தயாரிக்கத் தொடங்கலாம். அடுத்த கருவும் பாசிட்டிவ் என்றால், அந்த ஐஜிஜி நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். ஆனால் ஏ, பி இரத்தப் பிரிவுகளுக்கு எதிராக நம்மிடம் இயல்பாகவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஐஜிஎம் வகை. அவை நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. அதனால்தான் தாய்க்கும் சேய்க்கும் ஏ, பி பிரிவுகள் பொருந்தாமல் போவது ஆர்எச் பொருந்தாமையைப் போல அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. கை இரண்டுமே சிவப்பணுவைத்தான் பற்றுகிறது. விளைவை வேறாக்குவது வால்.

ஐஜிஏ: வாசலில் நிற்பது

கிருமிகளில் பெரும்பாலானவை மூக்கு, வாய், குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் ஈரமான உட்பரப்புகள் வழியாகவே நுழைய முயல்கின்றன. அங்கே காவல் நிற்பது ஐஜிஏ. உமிழ்நீர், கண்ணீர், சளி, தாய்ப்பால் ஆகியவற்றில் அது இரண்டிரண்டாக இணைந்து, செரிமான நொதிகள் சிதைக்காதபடி ஒரு புரதக் கவசம் சுற்றிக்கொண்டு சுரக்கிறது. இரத்தத்தில் அதன் பங்கு குறைவு என்பதால் இது சிறிய வகை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் உடல் அன்றாடம் தயாரிக்கும் எதிர்ப்பொருளில் மற்ற நான்கு வகைகளையும் கூட்டினாலும் ஐஜிஏ அதிகம். அதன் வேலை பெரும்பாலும் தடுப்பது மட்டுமே: கிருமியைச் சளியோடு கட்டிப்போட்டு, உட்பரப்பில் ஒட்டவிடாமல் வெளியேற்றுகிறது. குடலின் நுட்பமான சுவரில் நாள்தோறும் அழற்சி மூளாமல் காவல் நடக்க வேண்டுமானால், இந்த அமைதியான முறைதான் ஏற்றது.

போலியோ தடுப்பு மருந்துகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஊசியாகப் போடப்படும், செயலிழக்கச் செய்த தடுப்பு மருந்து இரத்தத்தில் ஐஜிஜியை நன்கு உண்டாக்குகிறது. வைரஸ் நரம்புகளை அடைவதை அது தடுப்பதால் வாதம் வராது. ஆனால் குடலில் ஐஜிஏ காவல் வலுவாக அமையாததால், அங்கே வைரஸ் சிறிது காலம் பெருகிப் பிறருக்குப் பரவ வாய்ப்பு இருக்கிறது. வாய்வழிச் சொட்டு மருந்து குடலிலேயே ஐஜிஏவைத் தூண்டுவதால் பரவலையும் தடுக்கிறது. தடுப்பூசி போட்டும் ஏன் தொற்றுகிறது என்று கேட்பவருக்கு, பாதுகாப்பு எந்த இடத்தில் என்பதும் கேள்வியின் ஒரு பகுதி என்று இந்த எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்கலாம்.

ஐஜிஇ: முன்பே ஏற்றி வைத்தது

மற்ற வகைகளில் கை முதலில் ஆன்டிஜெனைப் பற்றும், பிறகு வால் படிக்கப்படும். ஐஜிஇ இந்த வரிசையை மாற்றுகிறது. அதன் வால் முன்னதாகவே மாஸ்ட் செல் என்னும் திசுச் செல்லின் மேல் பொருத்தப்பட்டுவிடுகிறது. கைகள் வெறுமையாக நீண்டு காத்திருக்கும். மாஸ்ட் செல்லுக்குள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் பொதிந்த குருணைகள் நிறைந்திருக்கின்றன. பொருந்தும் ஆன்டிஜென் வந்து பக்கத்துப் பக்கத்துக் கைகளை இணைத்ததும் குருணைகள் நிமிடங்களுக்குள் வெளியே கொட்டப்படும். தும்மல், அரிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் அதன் விளைவு. குடற்புழு போன்ற, விழுங்கிச் செரிக்க முடியாத பெரிய ஒட்டுண்ணிகளை வெளித்தள்ள இந்த முறை உதவுகிறது. தீங்கற்ற மகரந்தத்துக்கோ உணவுப் புரதத்துக்கோ ஐஜிஇ உருவாகிவிட்டால் அதுவே ஒவ்வாமை. முதல் சந்திப்பில் எதுவும் நேராமல் அடுத்த சந்திப்பில் உடல் கொதித்தெழுவதன் காரணமும் இந்த முன்னேற்பாடுதான்.

1921இல் கார்ல் பிரௌஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், மீன் ஒவ்வாமை கொண்டிருந்த தம் சக ஆய்வாளர் ஹைன்ஸ் குஸ்ட்னரின் குருதிநீரைத் தம் தோலில் செலுத்திக்கொண்டு, பிறகு அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அந்த இடம் மட்டும் தடித்தது. ஒவ்வாமையைச் சுமக்கும் ஏதோ ஒன்று குருதிநீரில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்தாலும், அதன் அளவு மிகமிகக் குறைவு என்பதால் பிடிபடவில்லை. 1966இல்தான் கிமிஷிகே, டெருகோ இஷிசாகா தம்பதியர் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அதே காலகட்டத்தில் சுவீடனிலும் ஜோஹான்சன், பென்னிக் என்ற இருவர் தனியாக அதை அடையாளம் கண்டனர்.

ஐஜிடி

இது பெரும்பாலும் இரத்தத்தில் மிதப்பதில்லை. இதுவரை எந்த ஆன்டிஜெனையும் சந்திக்காத பி செல்லின் மேற்பரப்பில் ஐஜிஎம்முடன் சேர்ந்து ஏற்பியாக நிற்கிறது. 1965இல் கண்டறியப்பட்டது, அதன் முழுப் பயன் குறித்த ஆய்வு இன்றும் தொடர்கிறது. தொடக்க வாசகர் இதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை.

மீண்டும் ஒருமுறை: எம் முதலில் வந்து பத்துக் கைகளால் பிடிக்கிறது, ஜி பின்னர் வந்து நீடிக்கிறது, கருவையும் காக்கிறது, ஏ ஈரப் பரப்புகளில் நிற்கிறது, இ மாஸ்ட் செல்லின் மேல் காத்திருக்கிறது, ஐஜிடி, பி செல்லின் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

சோதனை அறிக்கை சொல்வது என்ன?

இனி தொடக்கத்தில் கண்ட கேள்விகளுக்கு வரலாம். ஐஜிஎம் இருந்தால் தொற்று அண்மையது என்றும், ஐஜிஜி மட்டும் இருந்தால் பழைய தொற்று அல்லது தடுப்பூசி என்றும் பொதுவாகக் கொள்வார்கள். இது நல்ல வழிகாட்டி, மாறா விதி அல்ல. சில நோய்களில் ஐஜிஎம் மாதக்கணக்கில் நீடிக்கும். வேறொரு வைரஸுக்கு உண்டான எதிர்ப்பொருளே உறவுள்ள வைரஸின் ஆன்டிஜெனையும் பற்றிச் சோதனையை ஏமாற்றும். இரண்டாம் முறை டெங்கு வந்தால், நினைவுச் செல்கள் விரைந்து ஐஜிஜியைப் பெருக்குவதால், அது தொடக்க நாள்களிலேயே உயர்ந்து நிற்கும். ஆகவே அறிக்கையை, நோய் தொடங்கிய நாளோடும் அறிகுறிகளோடும் சேர்த்து மருத்துவர் படிக்க வேண்டும்.

எண் இறங்குவது குறித்து: தொற்று முடிந்ததும், அவசரத்துக்கு உருவான பிளாஸ்மா செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். ஐஜிஜியின் அரை ஆயுள் மூன்று வாரம் என்று அறிந்தவருக்கு, அளவு குறைவது எதிர்பார்த்ததே. எலும்பு மஜ்ஜையில் சில பிளாஸ்மா செல்கள் ஆண்டுக்கணக்கில் சுரந்துகொண்டிருக்கும். நினைவுச் செல்களோ இந்தச் சோதனையின் கண்ணில் படுவதே இல்லை. 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றைக் கண்டவர்களிடம், 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வைரஸை அறியும் நினைவுப் பி செல்கள் இருந்ததை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மறுபுறம், மூக்கிலும் தொண்டையிலும் தொற்றாமல் காக்க அந்த நேரத்தில் அங்கே போதிய எதிர்ப்பொருள் இருந்தாக வேண்டும். நினைவுச் செல் விழித்தெழ நாள்கள் ஆகும். அதனால்தான் அளவு குறைந்தவருக்கு மீண்டும் தொற்று வரலாம், ஆனால் அது பெரும்பாலும் கடுமையாவதில்லை.

வகையைப் புரிந்துகொள்வது மருத்துவரின் முடிவையே எப்படி மாற்றுகிறது என்பதற்குப் பிறந்த குழந்தையின் இரத்தச் சோதனையே சான்று. குழந்தையின் இரத்தத்தில் ஒரு கிருமிக்கு எதிரான ஐஜிஜி இருந்தால், அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம். ஐஜிஎம் நஞ்சுக்கொடியைக் கடக்காது என்பதால், அது இருந்தால் குழந்தையே தயாரித்தது என்று பொருள். கருவிலேயே தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயம் எழும். எச்ஐவி தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையிடம் தாயின் ஐஜிஜி 18 மாதங்கள் வரைகூடத் தங்கியிருக்கலாம் என்பதால், அந்த வயது வரை எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவ் என்று வந்தாலும் குழந்தைக்குத் தொற்று இருக்கிறது என்று முடிவு செய்வதில்லை. வைரஸின் மரபுப்பொருளை நேரடியாகத் தேடும் சோதனையைச் செய்கிறார்கள்.